பேஸ் கிட்டார்: கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் பேஸ் வாசிக்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் விசாரிப்பது இரண்டு விஷயம்: இன்றைக்கு மைக் செட் யாருடையது, கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். கிட்டார் என்ன பிராண்ட் என்பதெல்லாம் அப்புறம்தான். புதிதாக வருகிற தம்பிகள் இதைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். மேடைக்குப் பின்னாலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் வாயில் வந்தபடியே.

அண்ணே, கிட்டாருக்கு ஆறு கம்பி. இதுக்கு நாலுதான் இருக்கு. மீதி ரெண்டு எங்க போச்சு?

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமா கேட்டால் "அதுக்கு இன்னும் அட்வான்ஸ் வரலைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உங்களுக்கு உண்மையான பதில்: கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகள்தான் இவை, ஒரு ஸ்தாயி கீழே. ஈ, ஏ, டி, ஜி. அடிக் கம்பி ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ், மேல் கம்பி ஜி 98 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே போவதால்தான் கம்பி தடிமனாகவும் கழுத்து நீளமாகவும் இருக்கிறது. பெரும்பாலான பேஸ்களில் நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பி உட்காரும் பள்ளக்கட்டை) பிரிட்ஜ் வரை (உடம்பில் கம்பி தாங்கி நிற்கும் இடம்) 34 அங்குலம். கை சிறியவர்களுக்கு 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் வகையும் உண்டு.

முதல் பேஸ் வாங்கணும். பிரெசிஷன் மாடலா, ஜாஸ் மாடலா?

இரண்டும் லியோ ஃபெண்டர் கம்பெனியில் பிறந்த வடிவங்கள். பிரெசிஷன் 1951இல் வந்தது, ஜாஸ் 1960இல். இன்று கடையில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை, எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் சாயல்தான். பிரெசிஷனில் நடுவில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பகுதி). சத்தம் கட்டையாக, நேராக வரும். ஜாஸில் இரண்டு பிக்கப், நட் பக்கம் கழுத்து ஒல்லி, சத்தத்தை மாற்றிக்கொள்ள இடம் அதிகம். திறந்தவெளி மேடையே கதி என்றால் என் ஓட்டு பிரெசிஷனுக்கு. அதற்கான காரணம் இரைச்சல் பற்றிய கேள்வியில் வரும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். நல்ல கேபிள், ட்யூனர், ஒரு டி.ஐ. பாக்ஸ் (பேஸை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி, விவரம் பின்னால் வரும்), ஒருமுறை செட்டப் செய்யக் கூலி, இவ்வளவுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பேஸ் வாங்குங்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ போனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) அழுத்தி வாசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் நாதம் சட்டென்று செத்தாலோ 'கிர்ர்' என்றாலோ அடுத்ததை இறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும்.

ஆக்டிவ்னு ஒண்ணு காட்டினாங்க, உள்ள பேட்டரி இருக்காம். அது ஒசத்தியா?

உசத்தி தாழ்த்தி இல்லை. உள்ளே ஒரு ப்ரீஆம்ப் இருக்கும், அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். சிக்னல் பலமாக வரும், பேஸ், ட்ரெபிளைக் கிட்டாரிலேயே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஜாக்கைச் சொருகி வைத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரி கரையும். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்கும் பழக்கம் வேண்டும், பையில் ஒரு மாற்று பேட்டரியும் வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணிக்குத் திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் 9 வோல்ட் பேட்டரி தேடிப் பாருங்கள், தெரியும்.

நாலு கம்பி போதுமா, அஞ்சு கம்பி வாங்கணுமா?

இதற்குக் கட்டைக் கணக்கில் பதில் சொல்வதுதான் சுலபம். பாடகர் "ஒரு கட்டை" என்றால் சி, "ரெண்டு" டி, "மூணு" ஈ, "நாலு" எஃப், "அஞ்சு" ஜி, "ஆறு" ஏ. நாலு கம்பி பேஸின் அடித்தளம் ஈ, அதாவது மூன்று கட்டை. பாட்டு மூன்று கட்டையிலோ நான்கிலோ இருந்தால் அடி சட்ஜம் கைக்குள் கிடைக்கும். இரண்டரை என்று சொல்லிவிட்டால் அந்த அடி சட்ஜம் உங்கள் பேஸில் ஒரே ஒரு ஃப்ரெட் தூரத்தில் இல்லாமல் போய்விடும். ஏ கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டுக்கு ஏறி மேல் ஸ்தாயியில்தான் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது கம்பி பி வரைக்கும் இறங்கும், சுமார் 31 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தத்தை அப்படியே வெளியே தள்ளும் சப் (அடி நாதத்துக்கென்று உள்ள பெரிய ஸ்பீக்கர்) நம் ஊர் மேடைகளில் அபூர்வம். நிறைய சப்கள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மளமளவென்று பலம் இழக்கும். அதனால் "இன்னும் கீழே போகலாம்" என்பதற்காக மட்டும் அஞ்சு கம்பி வாங்குவதில் பிரயோஜனம் குறைவு. நிஜ லாபம் வேறு: பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஈ இருக்கிறது, கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே எல்லாக் கட்டைக்கும் வாசிக்கலாம். பாடகி மேடையில் திடீரென்று "அண்ணா, இன்னைக்கு அரைக்கட்டை கொறைச்சிக்கலாமா" என்றால், விரல் அமைப்பை மாற்றாமல் ஒரு ஃப்ரெட் இறங்கினால் போதும். நாலு கம்பிக்காரர்கள் ஈ கம்பியை டி-க்கு இறக்கிச் சுருதி வைத்துக்கொண்டால் பாதி சிக்கல் தீரும்.

திருவிழாவுல வாசிச்சேன். வீட்ல எல்லாரும் 'உன் சத்தமே கேக்கல'ங்கறாங்க. ஏன்?

தெருக்கோடியில் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கராக இருக்கும். அந்தக் கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்காகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. உங்கள் 41 ஹெர்ட்ஸ் ஈ அதற்குள் போய்த் திரும்பி வருவதில்லை.

ஆனால் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது. ஒரு கம்பியை மீட்டினால் அடி நாதத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே வருகின்றன. அடி நாதம் காணாமல் போனாலும் மேலே உள்ளவற்றை வைத்து நம் காது அதைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். ஆகவே குழாய் கட்டிய ஊரில் பேஸ் குமிழைத் திருகுவதில் புண்ணியமில்லை. மிட் ஏற்றுங்கள், பிரிட்ஜ் பக்கமாக மீட்டுங்கள், முடிந்தால் விரலுக்குப் பதில் பிக் (மீட்டும் சின்ன வில்லை) எடுங்கள், வரிகளை ஒரு ஸ்தாயி மேலே நகர்த்துங்கள். மேடையில் கேட்க மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும், கவலைப்படாதீர்கள். தெருவில் சரியாகத்தான் கேட்கும்.

ஆம்ப் இல்லாம நேரா மிக்சர்ல சொருகிடலாம்ல?

சொருகலாம், சத்தமும் வரும், திருப்தி வராது. பேஸின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. மிக்சரின் சாதாரண லைன் நுழைவாய் அதை அழுத்திவிடும், கூர்மை போய்விடும். மேடையிலிருந்து மிக்சர் மேஜை வரை ஒற்றைக் கேபிளை இழுத்தால் வழியில் எல்லா இரைச்சலையும் அள்ளிக்கொண்டு போகும். டி.ஐ. பாக்ஸ் செய்வது இந்த இரண்டுக்கும் வைத்தியம்: பிக்கப்புக்குப் பாரம் கொடுக்காமல் வாங்கி, மைக் கேபிளில் போகிற மாதிரி மாற்றி அனுப்பும். மின்சாரம் தேவைப்படும் ஆக்டிவ் வகை டி.ஐ. என்றால் மிக்சரில் ஃபேன்டம் பொத்தானை (மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பொத்தான்) போடச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டு முறைக்கும் செட்காரரும் உண்டு. அதற்குத்தான் மின்சாரம் தேவைப்படாத பாசிவ் வகை ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பது.

ஆம்ப் என்பது மேடையில் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்பதற்கு. அதைப் பார்வையாளர்களுக்காக ஏற்றினால் முன்வரிசைப் பெரியவர்கள் நாற்காலியை நகர்த்துவார்கள், வேறு பலன் இல்லை.

கம்பிய தொட்டா அமைதியா இருக்கு, கைய எடுத்தா 'ம்ம்ம்'னு இரையுது. பேஸ் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டால் உங்கள் உடம்பு பிடித்து வைத்திருக்கும் இரைச்சல் எர்த்துக்குப் போய்விடுகிறது. கையெடுத்ததும் திரும்ப வருகிறது. உள்ளே கவசம் சரியில்லாத பேஸ்களில் இது அதிகம். கன்ட்ரோல் குழியில் செப்புத் தகடு ஒட்டினால் நிறையக் குறையும்.

தொட்டாலும் போகாத இரைச்சல் வேறு ரகம். ஜாஸ் மாடலின் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்புகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே பிடிக்கும். இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் எட்டிப் பார்க்கும். பிரெசிஷனில் 1957இலிருந்து பிக்கப்பையே அப்படி இரண்டாகப் பிரித்து அமைத்துவிட்டார்கள், அதனால்தான் மேலே அதற்கு ஓட்டுப் போட்டேன். சீரியல் செட்டும் டிம்மர் போட்ட விளக்கும் மின்னும் அம்மன் கோயில் பந்தலில் நின்றால் வித்தியாசம் புரியும்.

பேஸை புடிச்சிட்டு மைக்ல கோரஸ் பாடப் போனா உதட்டுல சுரீர்னு அடிக்குது. எல்லா எடத்துலயும் இப்படித்தானா?

இல்லை. இதைச் சிரித்துக்கொண்டே கடந்து போகக் கூடாது. இந்தப் பக்கத்திலேயே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மைக்கின் வலை மிக்சரின் எர்த்தோடு இணைந்தது. உங்கள் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மிக்சருக்கு ஜெனரேட்டர், ஆம்புக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை பிளக் என்று வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்திருந்தால், அல்லது ஒன்றில் எர்த்தே இல்லாமல் இரண்டு பின் பிளக்கில் ஓட்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டதும் அந்த இரண்டையும் இணைக்கும் ஒயர் நீங்கள்தான். அறுவடை முடிந்த வயலில் போட்ட மேடை, மழை பெய்த ஈரம், வெறுங்கால் எல்லாம் சேர்ந்தால் சுரீர் என்பது உயிருக்கே வினையாகலாம்.

செய்ய வேண்டியவை: மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து, எர்த்தோடு, மூன்று பின் பிளக்கில் கரண்ட் கேளுங்கள். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைப் பாடும் மைக்கிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பத்து, இருபது என்று ஏறினாலே வாசிக்காமல் செட்காரரைக் கூப்பிடுங்கள். 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து வைத்துக்கொள்ளலாம், அந்தச் செலவு ஒரு செட் நல்ல கம்பியோடு ஒப்பிடும் அளவுதான். பேஸுக்கு வயர்லெஸ் வைத்தால் கம்பிக்கும் ஆம்புக்கும் ஒயர் தொடர்பே இல்லாமல் போவதால் இந்தச் சுற்றே உருவாகாது. மைக்குக்குப் பஞ்சு உறை போடுவது உதட்டை ஏமாற்றுவது மட்டும்தான்.

இரைச்சல் போக எர்த் பின்னை ஒடைச்சிட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரே?

இரைச்சல் போகும். மேலே சொன்ன ஆபத்து உள்ளே வரும். அந்த வேலைக்கென்றே டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. சொன்னவரிடம் அதைக் காட்டுங்கள்.

ஜெனரேட்டர்ல ஆம்ப் போட்டா புகைஞ்சிடும்கறாங்களே?

ஜெனரேட்டரால் புகைவதைவிட நியூட்ரல் தளர்ந்து புகைவதுதான் அதிகம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறலாம். பிளக்கில் சொருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றைப் பையில் வையுங்கள். லைட், சப் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துவிட்டு ஆம்பைப் போடுங்கள், முதலில் போட்டுவிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நாங்க நாகப்பட்டினம். கம்பி போட்ட கொஞ்ச நாள்லயே துரு ஏறிடுது. என்ன பண்றது?

கடல் காற்று, அதோடு கை வியர்வை. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29இலிருந்து செப்டம்பர் 8 வரை, புழுக்கம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் வாசிக்கிற எல்லோருக்கும் இதே புலம்பல்தான். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு பிடித்து நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை துடையுங்கள். பையில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். மேல்பூச்சு உள்ள கோட்டட் கம்பி விலை கூடுதல், கடலோரத்தில் அந்த விலைக்கு உழைக்கும்.

மங்கிப்போன கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது பழைய வைத்தியம். சுற்றுக்குள் அடைந்த பிசுக்கு கரைந்து சில நாள் பளிச்சென்று கேட்கும். ஈரம் துளி இல்லாமல் காயவைக்காவிட்டால் துருவை நாமே விருந்துக்கு அழைத்த கதை. இன்னொரு வழி ஃப்ளாட்வூண்ட் கம்பி, அதாவது மேலே தட்டையான இழை சுற்றியது. வழவழப்பாக இருக்கும், அழுக்கு அடைய இடமில்லை, வருஷக்கணக்கில் கிடக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே வாசித்தவர். அவர் பேஸில் இருந்தது ஃப்ளாட்வூண்ட்தான், அறுந்தால் தவிர மாற்றமாட்டார் என்பார்கள். மெல்லிசைப் பாட்டுக்கு அந்த நாதம் அருமையாகப் பொருந்தும், ஆனால் குழாய் ஸ்பீக்கர் ஊரில் முற்றிலும் காணாமல் போவீர்கள்.

ஐப்பசி வந்தா கம்பி ஒசந்துடுது, பங்குனில 'கிர்ர்'ங்குது. பேய் புடிச்சிருக்கா?

மரம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். அதற்கேற்பக் கழுத்து வளைவது மாறும். எந்தப் பக்கம் வளையும் என்பது கழுத்துக்குக் கழுத்து வேறு. சுருதி சரியாக வைத்துவிட்டு ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதிகமிருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) கடிகார திசையில் கால் சுற்று, ஒட்டிக்கொண்டால் எதிர்ப் பக்கம் கால் சுற்று. அடுத்த கால் சுற்று மறுநாள். ஆலன் கீ இறுக்கமாக எதிர்த்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தஞ்சாவூர்ல வீணை செய்யறவங்க இருக்காங்களே, அவங்ககிட்டயே ஃப்ரெட் மாத்திக்கலாமா?

வேண்டாம், அவர்களுக்கும் தர்மசங்கடம். வீணையின் 24 பித்தளை மெட்டுகள் மெழுகுப் படுகையில் உட்கார்ந்திருப்பவை. மெழுகை இளக்கி, காதால் கேட்டு, ஒவ்வொன்றையும் நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். நம் ஃப்ரெட் கழுத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கியது, நகர்த்தும் பேச்சே இல்லை. ஆனால் உடம்பில் விரிசல், கழன்ற மூட்டு, நட் ஒட்டுவது போன்ற மர வேலை என்றால் அவர்கள் கை சுத்தம்.

கீபோர்டுகாரரே எடது கையால பேஸ் போட்டுடறாரு. அப்ப நீ எதுக்குப்பா?

கமிட்டிக்காரர்கள் ஒரு ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும்போது வரும் கேள்வி இது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாகவே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், அவற்றில் நிறைய சசிதரன் வாசித்தவை. அந்த வரிகளை ஊரில் டீ ஆற்றுகிறவர்கூட வாயால் சொல்லுவார். ஒருவர் இடது கையால் அதையும் வலது கையால் வயலின் பிட்டையும் வாசிப்பது எல்லோருக்கும் கைவராது.

அதே சமயம் நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கச்சேரிக்கு முன்பே கீபோர்டு அண்ணனிடம் "அண்ணே, இடது கையை நடுவுக்கு மேலயே வச்சுக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பேஸ் ஒரே இடத்தில் ஓடினால் இரண்டும் சேறாகும். பிறகு டிரம்மர் பக்கத்தில், அவர் வலது கால் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அந்தக் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஸ்பீக்கர் சுமாராக இருந்தாலும் பாட்டு நிற்கும்.

நாதஸ்வரம், தவிலோட சேந்து ஃபியூஷன் பண்ணலாம்னு கூப்புடறாங்க. என்ன வாசிக்கிறது?

குறைவாக. முதலில் சுருதி: இப்போது புழக்கத்தில் உள்ள, நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை கட்டை. அவர் சீவாளியை மாற்றி ஓரளவுதான் சரிசெய்ய முடியும், நீங்கள் குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. ட்யூனர் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் அவர் சட்ஜத்தைக் கேட்டு வையுங்கள். இரண்டரை என்றால் நாலு கம்பியில் என்ன பாடு என்பதைக் கம்பிக் கேள்வியில் சொல்லியாயிற்று.

ராகம் போகிற போக்கில் கார்டு மாற்றிக்கொண்டே இருந்தால் கமகத்தோடு மோதும். சட்ஜம், பஞ்சமம் பிடித்து நில்லுங்கள், பஞ்சமம் இல்லாத ராகமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தவிலின் இடது பக்கம், குச்சியால் அடிக்கிற பக்கம், உங்கள் சத்தம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அந்த அடி விழும் இடங்களில் நீங்கள் ஒதுங்கினால் இருவரும் கேட்பீர்கள். அவர் ஒதுங்கமாட்டார், எதிர்பார்க்கவும் வேண்டாம்.

டவுன் பஸ்ல பேஸை எப்படிண்ணே கொண்டு போறது?

நிற்க வைத்து, தலைப் பக்கம் மேலே, முதுகு உங்கள் பக்கம். கழுத்தும் தலையும் சேரும் இடம்தான் முறியும், அதனால் மெல்லிய பை வாங்காதீர்கள், உள்ளே திண்டு வைத்த பை வாங்குங்கள். டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டி மேல் வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தச் சூட்டில் சுருதியும் போகும், ஒட்டிய பசையும் இளகும். கண்டக்டர் லக்கேஜ் போடுவாரா என்பது அவர் மனசு. ஆம்பைப் பொறுத்தவரை, பழைய பெரிய கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கிளாஸ் டி ஹெட்டும் (எடை குறைந்த வகை ஆம்ப்) நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் போட்ட கேபினெட்டும் வந்த பிறகு எடை பாதியாகிவிட்டது. அதற்கும் வசதி இல்லையென்றால் டி.ஐ. பாக்ஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், மானிட்டரில் கொஞ்சம் பேஸ் கொடுக்கச் சொல்லி செட்காரரிடம் முந்தின நாளே போனில் பேசிவிடுங்கள்.